ஒதுக்குப்புறமாய் ஓர் இடம்



தேர்வுகள் முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. இந்த நாட்களில் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது மக்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். “ஃபாதர், பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஒரு நாலு நாள் எங்கயாவது போய்த் தங்கணும். கூட்டம் இல்லாத எடமா ஒண்ணு சொல்லுங்களேன்.” எல்லா மலையிலும் குருக்களுக்கு ஒரு பங்களா இருக்கிறது, அதன் சாவி பங்குத்தந்தையின் அங்கிப் பையில் இருக்கிறது என்று நம் மக்களில் சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள். என் பையில் இருப்பது நற்கருணைப் பேழையின் சாவி ஒன்றுதான்.

பல ஆண்டுகள் இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அது அப்படிச் சிரித்துவிட்டுப் போகும் கேள்வி அல்ல என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு குடும்பம். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நற்செய்திக்குப் போவோம். இதே கேள்வி அங்கேயும் இருக்கிறது.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம். இருவர் இருவராக அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஊர் ஊராக நடந்த கால்கள். செய்ததையும் கற்பித்ததையும் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். ஆனால் வருவோரும் போவோருமாய் ஒரே நெரிசல். உண்பதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அப்போது ஆண்டவர், தனிமையான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கலாம் என்று அவர்களை அழைக்கிறார். ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வு வேண்டும் என்று சீடர்கள் கேட்டதாக நற்செய்தியில் இல்லை. களைத்துப்போன முகங்களைப் பார்த்து அவரே கூப்பிடுகிறார். படகில் ஏறுகிறார்கள். போய்ச் சேர வேண்டிய இடமும் தனிமையான இடம்தான். ஆனால் அவர்கள் புறப்படுவதைப் பலர் பார்த்துவிடுகிறார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே ஓடி, படகு கரை சேருவதற்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள்.

மே மாதத்தில் கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அந்த மலையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் குடும்பங்கள், வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி உடல் தேறுவதற்காக அங்கே வீடு கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரி நீரோடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1895இல் நம் இயேசு சபைத் தந்தையர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். நோயாளிகளும் துறவிகளும் அமைதி தேடிப் போன இடம் அது. இன்று நிலைமை என்ன? உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆயிற்று. அதுவும் போதாமல் 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், சனி ஞாயிறில் 6,000, நீலகிரிக்கு 6,000, 8,000. ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்றாலும் 6,000 வண்டிக்கு 24,000 பேர். இவர்கள் எல்லோரும் அமைதியைத் தேடித்தான் போகிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற 23,999 பேரைப் பார்த்து, “ஏன் இவ்வளவு கூட்டம்?” என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஏரிக்கரைக்குப் போகும் பாதையில் இரண்டு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கும் உண்டு. பின் இருக்கையில் இருந்த என் தம்பி மகள் கேட்டாள்: “பெரியப்பா, இதுக்கு நம்ம வீட்டு வாசல்லயே கார்ல உக்காந்திருக்கலாமே?”

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளி நலம் பெறுகிறார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆண்டவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். அவரோ போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். அதனால் ஆண்டவரால் எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழைய முடியாமல் போகிறது. தனிமையான இடங்களில் தங்கினார். அங்கேயும் நாலா பக்கமிருந்தும் மக்கள் வந்தார்கள். இன்று ஓர் இளைஞன் ஆளில்லாத ஓர் அருவியைக் கண்டுபிடிக்கிறான். அன்று மாலையே படம் பிடித்து, வழியையும் சேர்த்து, கைப்பேசியில் போட்டுவிடுகிறான். அடுத்த சனிக்கிழமை அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. அடுத்த மாதம் பாறையெல்லாம் பாட்டில் உடைசல். ஆகவே, அன்பார்ந்தவர்களே, உங்களுக்கு நல்ல இடம் ஒன்று கிடைத்தால் தயவுசெய்து வாயைக் கட்டுங்கள். இந்த வானொலியில் நானும் எந்த இடத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எப்படித் தேடுவது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

அதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தறிக்கூடத்தில் வேலை. வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். அப்பா எப்போதும் கத்தித்தான் பேசுவார். தண்ணீர் கேட்டாலும் கத்தல், செபமாலை தொடங்கினாலும் கத்தல். அவர் வந்தாலே நாங்கள் மூலைக்கு மூலை ஒதுங்கிவிடுவோம். ரொம்பக் கோபக்காரர் என்று சிறு வயதில் நம்பினோம். கோடை விடுமுறையில் நத்தம் பக்கம் எங்கள் தாய்மாமா ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார். காய் பறிக்கும் வரை இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். தோப்பின் நடுவில் தென்னங்கீற்று வேய்ந்த குடிசை, ஒரு கயிற்றுக் கட்டில், ஓர் அரிக்கேன் விளக்கு, மூன்று கல் வைத்த அடுப்பு. ஓர் ஆண்டு ஆலையில் கதவடைப்பு. சம்பளம் இல்லை, வீட்டில் சோற்றுக்கே திண்டாட்டம். மாமா எங்கள் எல்லோரையும் தோப்புக்கு வரச் சொல்லிவிட்டார். பத்து நாட்கள் அங்கே இருந்தோம்.

இரண்டாம் நாள் இரவு அப்பா எங்களோடு பாயில் உட்கார்ந்து பேசினார். மெதுவாகப் பேசினார்! அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நாங்கள் சொன்னதை, “என்ன? என்ன?” என்று கேட்காமல் ஒரே தடவையில் புரிந்துகொண்டார். வருடக்கணக்காகத் தறிகளின் இரைச்சலில் நின்று நின்று அவருடைய காது மந்தமாகிப்போனது என்றும், தெருச் சத்தமும் ஐந்து பிள்ளைகளின் சத்தமும் சேர்ந்த எங்கள் வீட்டில் அவருக்கு எதுவுமே சரியாகக் கேட்காது என்றும், தன் குரலும் தனக்குக் கேட்காததால்தான் கத்தினார் என்றும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. கோபம் இல்லை, காது. அந்தத் தோப்பின் அமைதிதான் எங்களுக்கு அப்பாவைக் காட்டித் தந்தது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அருவி இல்லை, பனி இல்லை, படகு இல்லை. வெயில்கூட ஊரில் இருந்த அதே வெயில்தான்.

இப்போது நான் இடம் தேடுகிறவர்களிடம் கேட்பது இதைத்தான்: அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்காதீர்கள், அங்கே என்ன கேட்கும் என்று கேளுங்கள். பக்கத்தில் லாரி போகும் சாலை இருக்கிறதா? கல் குவாரி இருக்கிறதா? அடுத்த கட்டடத்தில் கல்யாண மண்டபமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரில் அந்த வாரம் திருவிழா இருக்கிறதா? மே மாதம் நம் ஊர்களில் கொடை நடக்கும் மாதம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி சொல்கிறது, அவ்வளவுதான். அடுத்த சமயத்தாரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் ஒருமுறை அமைதி தேடி ஒரு கிளைப் பங்கில் போய்த் தங்கினேன். விடியற்காலை நாலரை மணிக்குத் தலைக்கு நேரே நம்முடைய பாட்டுத்தான் அலறியது. எழுந்து போய்ப் பார்த்தால், குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்த உபதேசியார் மகிழ்ச்சியோடு சொன்னார்: “ஃபாதர் வந்திருக்கீங்கன்னு ஸ்பெஷலா போட்டோம்!”

கிளைப் பங்கு என்று சொன்னேன். பலருக்கு அது தோன்றுவதில்லை. மலையடிவாரங்களிலும் காட்டோர ஊர்களிலும் நம் பள்ளிக்கூடங்கள், சிற்றாலயங்கள் இருக்கின்றன. மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கும். தாழ்வாரம் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு, காவலுக்கு ஊர் உண்டு. அந்தப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டு, அனுமதி வாங்கி, போகும்போது கூட்டிப் பெருக்கி, உங்களால் முடிந்த காணிக்கையைப் போட்டுவிட்டு வாருங்கள். அதுவும் இல்லையென்றால் உறவினரின் தோப்பு, நண்பரின் வயலில் இருக்கும் பம்புசெட் அறை. நம்மில் பாதிப் பேருக்குக் கிராமத்தில் யாராவது இருக்கிறார்கள். பத்து வருடமாகப் போகாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புங்கள். சனிக்கிழமை கிளம்பினால் சாலையிலேயே விடுமுறை முடிந்துவிடும்.

கடையில் விற்கும் நைலான் கூடாரத்தை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை உச்சிக் குளிருக்கு அது நல்லது. சமவெளியில் மே மாதம் அதற்குள் படுத்தால் இட்லிப் பானைக்குள் படுத்த மாதிரி இருக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாய், உள்ளே கொசுவலை, நாலு பக்கமும் காற்று. மரம் தென்னையாக இருக்க வேண்டாம். காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. கோடை மழை இடியோடு வந்தால் தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் கால் கீழே வைக்க வேண்டாம்.

காட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் போய்த் தங்குவது சட்டப்படி குற்றம். குற்றம் என்பதோடு அது நிற்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லோரும் உங்களையும் என்னையும் போல விடுமுறைக்குப் போனவர்கள்தாம். காய்ந்த புல்லுக்கு நடுவே அடுப்பு மூட்டாதீர்கள். அடுத்தது தண்ணீர். இந்த முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில், மே மாதங்களில் நான் அடக்கம் செய்த இளைஞர்களில் ஆற்றில் குளிக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். தடுப்பணையின் அடியில் மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அந்தத் தாய்மார்களின் அழுகையைக் கேட்டவன் என்பதால் சொல்கிறேன்.

இன்னொரு காரியம், ஆண்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குடும்பத்தோடு தங்கப் போகிறோம் என்று போய், அங்கேயும் காலை ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்கு இட்லி, மதியம் கறிக்குழம்பு என்றால், வீட்டம்மாவுக்கு என்ன விடுமுறை? வீட்டில் எரிவாயு அடுப்பு, அங்கே புகையும் அடுப்பு; அவர் கண்டது அந்த வித்தியாசம்தான். விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைப் படித்துப் பாருங்கள். நீ, மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், கால்நடை, உன்னோடு தங்கும் அந்நியன் என்று எல்லோருக்கும் ஓய்வு சொல்லப்படுகிறது. மனைவி என்ற சொல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை! குருமடத்தில் படிக்கும்போது இதைப் பேராசிரியரிடம் கேட்டோம். “நீ” என்ற சொல்லிலேயே அவளும் அடக்கம் என்றார். விவிலியத்தில் அடக்கம், சரி. நம் வீடுகளில் அடக்கமா? கணவர் அடுப்பை எடுத்துக்கொள்ளட்டும். கஞ்சியும் துவையலும் நாலு நாளைக்குத் தாராளமாகப் போதும். என் மாமா தோப்பில் அதைத்தான் செய்தார்.

இனி அந்தக் குடும்பத்தைப் பற்றி. அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம்.

நான் முன்பு இருந்த ஒரு பங்கு. ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை, தாய், பிளஸ் டூ எழுதிய மகன், ஒரு சின்ன மகள், பாட்டி. ஞாயிறு திருப்பலிக்கு இரண்டாவது வரிசையில் எப்போதும் இருப்பார்கள். ஒரு மே மாத ஞாயிறு அந்த இடம் காலியாக இருந்தது. பாட்டி மட்டும் வந்திருந்தார். ஆட்டோவில் எல்லோரும் எங்கோ போயிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்று மறையுரையில் நான் பெயர் சொல்லாமல் குத்தினேன். குளிர்ந்த இடம் தேடிப் போகிறவர்களுக்கு ஆண்டவர் சூடாகத் தெரிகிறார் போலும் என்றேன். சிலர் சிரித்தார்கள். எனக்கும் நன்றாகச் சொன்ன திருப்தி.

திருப்பலி முடிந்ததும் பாட்டி சக்ரீஸ்து வாசலில் நின்றார். “சாமி, எம்மவன் குளிரு தேடிப் போகல” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. உட்கார வைத்துக் கேட்டேன். தேர்வு முடிவு வந்திருக்கிறது. பையன் இரண்டு பாடங்களில் தோல்வி. காலையிலிருந்து உறவினர்களின் போன்: “மார்க் எவ்வளவு? எவ்வளவு?” பக்கத்து வீட்டில் இனிப்பு கொடுக்கிறார்கள். பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறக்கவே இல்லை. தந்தை கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் அவன் திறந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல், நாலு பேரையும் ஆட்டோவில் ஏற்றி, தன்னுடைய போனையும் பையனுடைய போனையும் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மனைவியின் சித்தப்பாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு பம்புசெட் அறையும் இருந்தன. அங்கே ஐந்து நாட்கள்.

பிறகு அந்தத் தந்தையே என்னிடம் சொன்னார். முதல் இரண்டு நாள் யாரும் எதுவும் பேசவில்லை. பையன் தூங்கினான், எழுந்தான், சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தம் மட்டும். தகப்பன் அவனுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டு, இரவில் எழுந்து எழுந்து பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் பையன் பேசினான். அந்தப் பாடப் பிரிவையே அவன் கேட்கவில்லை; அப்பாவின் ஆசைக்காகச் சேர்ந்தான். முதல் ஆண்டிலிருந்தே புரியவில்லை, சொல்லப் பயம். கதவைச் சாத்தியிருந்த அந்த நேரத்தில் தன் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொன்னான். அதை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை, பெற்றவர்களுக்குப் புரியும். விடியும்வரை நாலு பேரும் அழுதிருக்கிறார்கள்.

அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் படுத்து, சாக வேண்டும் என்று வேண்டுகிறார். அவரிடம் வந்த வானதூதர் அறிவுரை சொல்லவில்லை. “ஒரு தோல்விக்கு இப்படியா?” என்று கேட்கவில்லை. தூங்க விட்டு, எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் சாப்பாடு கொடுக்கிறார். கேள்வி பிறகுதான் வருகிறது, ஓரேபு மலையில். அதுவும் காற்றிலோ நிலநடுக்கத்திலோ நெருப்பிலோ அல்ல, எல்லாம் ஓய்ந்த பின் வந்த மெல்லிய ஒலியில். இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் அதை அப்படியே செய்திருக்கிறார்.

அவர்கள் திரும்பி வந்ததும் நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். “அய்யோ, என்ன சாமி… பூசைக்குப் போயிருக்கணும்தான், அங்க கோயில் பக்கத்துல இல்ல” என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குத் தலை குனிந்துபோயிற்று. ஞாயிறு திருப்பலிக் கடமையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கப் போகிற இடத்தில் பக்கத்து ஆலயம் எது, திருப்பலி எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டே போங்கள். ஆனால் அந்தக் கடமையைச் சொல்லும் திருச்சபைச் சட்டம் 1247, அதே வாக்கியத் தொடரில் உள்ளத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வைப் பற்றியும் சொல்கிறது. முதல் பாதியைத்தான் நாங்கள் பிரசங்கிக்கிறோம். பையன் அந்த ஆண்டே துணைத் தேர்வு எழுதினான். இப்போது வேறு படிப்பு முடித்து வேலையில் இருக்கிறான்.

இந்த மே மாதமும் தேர்வு முடிவுகள் வரும். உங்கள் வீட்டில் ஒரு கதவு சாத்தப்பட்டால், முதலில் போனை அணையுங்கள். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் பக்கத்திலேயே இருங்கள், தனியே விடாதீர்கள். 104 என்ற அரசு உதவி எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். எந்த நேரமானாலும் பங்கு இல்லத்தின் கதவையும் தட்டலாம்.

போகவே வழியில்லாதவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாலு நாள் வண்டி ஓட்டாவிட்டால் ஐந்தாம் நாள் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விழா இருந்தது, கூடாரப் பெருவிழா. ஏழு நாள் குடும்பம் முழுவதும் வீட்டை விட்டு இலைக் குடிலில் தங்க வேண்டும் என்று லேவியர் நூல் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. கூரை வழியே விண்மீன் தெரியும்படி வேய்வது யூதர்களின் வழக்கம். நெகேமியா காலத்தில், நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த ஏழை மக்கள் அந்த விழாவை எங்கே கொண்டாடினார்கள் தெரியுமா? நெகேமியா 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தங்கள் வீட்டுக் கூரைகளின் மேலும், முற்றங்களிலும்!

நமக்கும் மொட்டை மாடி இருக்கிறது. சொந்த மாடி இல்லாதவர்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் தெளித்து, எட்டு மணிக்குப் பாயை விரித்து, போன் எல்லாவற்றையும் கீழே அரிசிப் பானைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மேலே ஏறுங்கள். முதல் நாள் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் பேசத் தொடங்குவார்.

ஆண்டவருக்கும் அன்று அந்த இடம் கிடைக்கவில்லை. கூட்டம் முந்திக்கொண்டது. அவர் எரிச்சல்படவில்லை, ஆயரில்லா ஆடுகள் போல் இருந்தவர்கள் மேல் பரிவு கொண்டார். நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பசும்புல்லில் அமரச் செய்து சாப்பாடு கொடுத்தார். ஆனால் தேடியதை அவர் விட்டுவிடவும் இல்லை. அன்று மாலையே சீடர்களைப் படகில் ஏற்றி அனுப்பி, கூட்டத்துக்கும் விடை கொடுத்துவிட்டு, இறைவேண்டல் செய்யத் தனியாக மலைக்கு ஏறிப் போனார்.

எங்கள் பங்கு அலுவலகத்தில் இரண்டு தார்ப்பாய்களும் நாலு கொசுவலைகளும் வாங்கி வைத்திருக்கிறோம். பங்கு மக்கள் யார் வேண்டுமானாலும் உபதேசியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு நாளைக்கு எடுத்துப் போகலாம். வாடகை இல்லை. நீலத் தார்ப்பாயில் ஒரு மூலையில் ஓட்டை இருக்கிறது. மழை வந்தால் அந்தப் பக்கம் அப்பா படுத்துக்கொள்ளட்டும்.